‘மாண்டரின்’ என்றால் பிரபு இல்லை

சீன வரலாறு பற்றிய மொழிபெயர்ப்பு எதைப் பிரித்தாலும் ‘சீனப் பிரபுக்கள்’ வந்து நிற்கிறார்கள். ஆங்கில மூலத்தில் இருப்பது ‘மாண்டரின்’, அதாவது மன்னராட்சிக் காலச் சீனாவின் அரசு அதிகாரி. போன வாரமும் ஒரு நூலில் பார்த்தேன். இதற்கு மேலும் சும்மா இருக்க முடியவில்லை.

வடமொழி ‘மந்த்ரின்’ மலாயில் ‘மெந்தெரி’ ஆகி, அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வாயில் ‘மந்தரிம்’ ஆனது. சீனர் தங்கள் அதிகாரியை இப்படி அழைத்ததில்லை. அவர்கள் சொல் ‘குவான்’.

பிரபு என்றால் பிறப்பாலும் நிலத்தாலும் பெரியவர். குவான் அப்படியா? அவருடைய பெருமைக்கு அடிப்படை தேர்வு. 1905இல் ஒழிக்கப்படும்வரை, கன்பூசிய நூல்களைக் கரைத்துக் குடித்து அந்தத் தேர்வை எழுதினார்கள். பணம் கொடுத்துப் பதவி வாங்கியவர்களும் உண்டு, சரி. ஆனாலும் பதவி அரசர் தந்தது. சொத்தைப் போல மகனுக்குத் தானாகப் போகாது. சீனாவின் கடைசி அரச மரபான சிங் ஆட்சியில் ஒன்பது தரங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு படிகள். முதல் தரத்துக் குடிமை அதிகாரியின் மார்பில் கொக்குச் சின்னம் இருக்கும். ‘பிரபு’ என்ற ஒரே சொல்லில் இத்தனையும் அழிந்துபோகிறது.

வேர் ஒன்றுதானே, ‘மந்திரி’ என்றே எழுதலாமே என்பார்கள் சிலர். இதையும் ஏற்க முடியாது. வேர் ஒன்றானால் பொருளும் ஒன்றாகிவிடுமா? வரி வாங்கி, வழக்கு விசாரித்த வட்டார அதிகாரி ஏழாம் தரம். அவரும் மாண்டரின்தான். அவரை மந்திரி என்பது தாசில்தாரை மந்திரி என்பதைப் போன்றது. மூலச் சொல்லின் ஒலியைப் பார்க்கிற மொழிபெயர்ப்பாளர்கள், அந்த ஆள் என்ன வேலை பார்த்தார் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா?

ஜப்பான் கதை வேறு. 701ஆம் ஆண்டின் தைஹோ சட்டம் சீனத் தரமுறையைத் தழுவியது. ஆனால் அங்கே குலமே வென்றது. உயர்பதவிகள் ஃபுஜிவாரா குடும்பத்திடம் குவிந்தன. மூன்றாம் தரமும் அதற்கு மேலும் இருந்த ‘குக்யோ’க்களைப் பிரபுக்கள் என்றால் எனக்கு மறுப்பில்லை. ‘தைஜின்’ என்பதற்கோ ‘அமைச்சர்’ அப்படியே பொருந்தும். இன்றும் அங்கே பிரதமர் ‘சோரி தைஜின்’தான்.

அப்போ குவானுக்கு என்ன எழுதுவது? சோழர் கல்வெட்டுகளில் அதிகாரிகளுக்குப் ‘பெருந்தரம்’ என்ற நிலைப்பெயர் இருக்கிறது. சீனர் ‘பின்’ என்று சொன்னதும் தரத்தைத்தான். ஆகவே பொதுவாக ‘அரசு அதிகாரி’, மேல்தரத்தவரானால் ‘பெருந்தரத்து அதிகாரி’. படிப்பவருக்கு ஒரு நொடியில் புரியும்.