பார்ட்டி லைன் – கூட்டிணைப்பு

அமெரிக்கக் கிராமங்களைப் பற்றிய பழைய எழுத்துகளில் வரும் 'பார்ட்டி லைன்' என்பதைக் 'கட்சியின் நிலைப்பாடு' என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். ஒரே கம்பியில் இரண்டு, நான்கு, எட்டு, சில ஊர்களில் அதற்கும் மேற்பட்ட வீடுகள் சேர்ந்திருந்த தொலைபேசி இணைப்பு அது. பார்ட்டி என்றால் இங்கே ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு. பத்திரப்பதிவில் 'பார்ட்டி வந்தாச்சா?' என்று கேட்கிறோமே, அதே பொருள். வக்கீலின் 'கட்சிக்காரர்' என்பதிலும் கட்சிக்கு இந்தப் பொருள்தான்.

கிரகாம் பெல்லின் அடிப்படைக் காப்புரிமைகள் 1893, 1894-இல் காலாவதியானதும் விவசாயிகள் கூட்டுச் சேர்ந்து தாங்களே கம்பி இழுத்தார்கள். முள்வேலிக் கம்பியில் பேசிய ஊர்களும் உண்டு. மைல் கணக்கில் தள்ளித் தள்ளி இருந்த வீடுகளுக்குத் தனித்தனிக் கம்பி கட்டுப்படியாகவில்லை.

பெட்டியின் பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் மேக்னெட்டோ என்ற சிறு மின்னாக்கி 75 முதல் 100 வோல்ட் வரை மாறுமின்னோட்டம் தரும். கம்பியில் உள்ள எல்லா வீட்டு மணியும் அடிக்கும். நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று என்பதுபோல் வீட்டுக்கு ஓர் அடையாளம். மணியை அடிக்கும் கம்பிச்சுருள்கள் பேச்சு மின்னோட்டத்தை உறிஞ்சிவிடாதிருக்க, அவற்றின் மின்தடை 1,000 ஓம் அல்லது அதற்கு மேல் இருக்கும்படி சுற்றினார்கள். ஒட்டுக்கேட்பவர் ரிசீவரை எடுத்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. ஒவ்வொரு ரிசீவரும் பேச்சு மின்னோட்டத்தில் பங்கு பிடுங்கும், குரல் தேயும். ரிசீவர் மாட்டியிருந்த கொக்கி மேலெழுந்ததும் பேசுகருவியின் சுற்று மூடிக்கொள்வதால், கேட்பவர் வீட்டு 1.5 வோல்ட் உலர்மின்கலங்களும் வீணாகத் தீரும். இரண்டாவது கம்பிக்குப் பதில் தரையையே பயன்படுத்திய ஒற்றை இரும்புக் கம்பித் தடங்களில், 1936-க்குப் பிறகு கிராமங்களுக்கு மின்கம்பங்கள் வந்ததும் இரைச்சல் தாங்கவில்லை.

தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தவுடன் இதெல்லாம் முடிந்தது என்று எழுதுகிறார்கள், அது தவறு. தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்த ஸ்ட்ரோஜரின் முதல் எக்ஸ்சேஞ்ச் 1892-லேயே இந்தியானாவின் லா போர்ட்டில் இயங்கத் தொடங்கிவிட்டது. கிராமத் தொலைபேசிக்கு 1949-இல் அரசுக் கடன் கிடைத்து டயல் வந்த பிறகும் கம்பி பொதுவாகவே இருந்தது. தன் கம்பியிலேயே இருக்கும் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட, அதற்கென்றே உள்ள ஓர் எண்ணை டயல் செய்து ரிசீவரை வைத்துவிட வேண்டும். மணி அடித்து ஓய்ந்தால் அவர் எடுத்துவிட்டார், இனிப் பேசலாம். வெளியூர் அழைப்புக்குக் கட்டணம் எழுதுவதுதான் பெரிய சிக்கல். இரண்டு வீடு என்றால் ஒருவரது மணிச்சுருளைத் தரையோடு இணைத்து, அதை வைத்து எக்ஸ்சேஞ்ச் ஆளைப் பிரித்தறியும். நான்கு வீடு என்றால் ஆபரேட்டர் குறுக்கிட்டு 'உங்கள் எண்?' என்று கேட்டாக வேண்டும். சொன்னதை நம்பித்தான் பில்.

1977-இல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் வைட்டில் டி.எம்.எஸ்-10 என்ற சிறு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்தது. ஒரே கம்பி ஜோடியில் பல தனித் தடங்களை ஏற்றும் கேரியர் கருவிகளும் பரவின. வீட்டுக்கு ஒரு தடம் கிடைத்த பிறகே கூட்டு கலைந்தது. கனெக்டிகட்டின் உட்பரியில் அதற்கு 1991 ஆயிற்று.

தமிழில் 'கூட்டிணைப்பு' என்பதே பொருந்தும். கூட்டுப்பட்டா, தனிப்பட்டா போலக் கூட்டிணைப்பு, தனி இணைப்பு என்று எதிர்ச்சொல்லும் அமைந்துவிடுகிறது. 'இணைத்தொலைபேசி' வேண்டாம், நம் வீடுகளில் ஒரே எண்ணுக்கு இரண்டு கருவி வைத்துக்கொண்ட பேரலல் கனெக்‌ஷனுக்கு அது பொருந்தும். அங்கே சந்தாதாரர் ஒருவர்தான்.