நியாயமான புவியியல் பிரதிநிதித்துவம்: ஒரு சொல் விளக்கம்

ஐ.நா. போன்ற அமைப்புகளின் ஆளெடுப்பு அறிக்கைகளில் அடிக்கடி வரும் தொடர் 'ஈக்விடபிள் ஜியோகிராஃபிகல் ரெப்ரசென்டேஷன்'. பணியாளர்கள் ஒருசில நாடுகளிலிருந்தே வந்துவிடாமல், உறுப்பு நாடுகள் எல்லாவற்றிலிருந்தும் நியாயமான அளவில் வரவேண்டும் என்பது பொருள்.

இதன் வேர் 1945ஆம் ஆண்டு ஐ.நா. சாசனத்தின் 101ஆம் உறுப்பு, அதாவது சட்டப்பிரிவு. திறமையும் தகுதியும் நேர்மையுமே முதன்மை. கூடவே, இயன்றவரை பரந்த புவியியல் அடிப்படையில் ஆளெடுப்பதிலும் கவனம் வேண்டும் என்கிறது அது.

சரி, பரந்த என்றால் எவ்வளவு? ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு 'விரும்பத்தக்க வரம்பு' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1988இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, உறுப்பு நாடாக இருப்பதற்கு 40 விழுக்காடு எடை, மக்கள்தொகைக்கு 5, ஐ.நா.வுக்குச் செலுத்தும் பங்களிப்புத் தொகைக்கு 55. பணத்துக்குப் பாதிக்கு மேல், மக்களுக்கு வெறும் 5 என்பதை நியாயம் என்று ஏற்க என்னால் முடியவில்லை. வரம்புக்குக் கீழே இருக்கும் நாட்டு இளைஞர்களுக்கு மட்டும் ஒரு வாசல் உண்டு: 32 வயது வரை எழுதக்கூடிய இளம் அலுவலர் தேர்வு.

ஆளெடுப்பில் இதோடு சேர்ந்து வரும் பாலினச் சமநிலை இதைவிடப் பழைய பேச்சு. எல்லாப் பதவிகளும் ஆண், பெண் இருபாலருக்கும் சமமாகத் திறந்திருக்கும் என்று 1919இலேயே, ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கத்தின் உடன்படிக்கை, 7ஆம் உறுப்பில் எழுதிவைத்தது. ஐ.நா. சாசனத்தின் 8ஆம் உறுப்பும் அதையே சொல்கிறது. அது சும்மா வந்துவிடவில்லை. சாசனத்தை எழுதிய சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் பிரேசிலின் பெர்த்தா லூட்ஸும் டொமினிக்கன் குடியரசின் மினர்வா பெர்னார்டினோவும் போராடிச் சேர்க்க வைத்தார்கள். தனியாக எழுதத் தேவையில்லை என்று சொன்னவர்களில் பெண்களும் இருந்தார்கள். எழுதியது நல்லதாயிற்று. அப்படி எழுதியும், முதல் பொதுச்செயலாளர் டிரிக்வே லீ தொடங்கி அன்டோனியோ குட்டெரஸ் வரை 9 பேருமே ஆண்கள். பணியாளர் எல்லா நிலைகளிலும் 2028க்குள் சரிபாதி என்ற திட்டமே 2017இல்தான் வந்தது.

இப்போது தமிழுக்கு வருவோம். 'பிரதிநிதி' வடசொல், ஒருவருக்குப் பதிலாக நிற்பவர் என்று பொருள். 'சார்பாளர்' என்று தமிழாக்கினாலும் அதே பொருள்தான். சிக்கல் அங்கேதான். சாசனத்தின் 100ஆம் உறுப்புப்படி, ஐ.நா. பணியாளர் எந்த அரசிடமும் உத்தரவு கேட்கவும் கூடாது, பெறவும் கூடாது. கென்யாவிலிருந்து வந்த அலுவலர் கென்ய அரசின் சார்பாக நாற்காலியில் உட்காரவில்லை. தன் அரசுக்காகப் பேசுபவர் தூதர். அவருக்குத்தான் பிரதிநிதி என்ற சொல் பொருந்தும்.

ஆகவே 'நியாயமான நாட்டுவாரிப் பங்கு' என்பதே என் பரிந்துரை. 'வகுப்புவாரி', 'மாவட்டவாரி' என்று நாம் புழங்கும் 'வாரி' இங்கும் இயல்பாக ஒட்டுகிறது. பாலினச் சமநிலையையும் சேர்த்துச் சொல்ல 'நாட்டுவாரி, பாலினவாரிப் பங்கு' போதும். அறிக்கைகளில் வரும் நாட்டு வகைகளையும் பங்கு இல்லாத நாடு, பங்கு குறைந்த நாடு, பங்கு மிகுந்த நாடு என்று எளிதாக எழுதிவிடலாம்.