கிட்டாரில் இருப்பது பாலம் இல்லை, குதிரை

பழைய எலக்ட்ரிக் கிட்டாரைச் சரிபார்ப்பது பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் 'பாலத்தை மாற்றுதல்', 'பாலத்தின் உயரத்தைக் கூட்டுதல்' என்றே எழுதியிருக்கிறார்கள். பிரிட்ஜ் என்றால் பாலம், அத்தோடு வேலை முடிந்தது. தந்திகளுக்கு அடியில் நிற்கும் அந்த உறுப்புக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. வீணை செய்பவர்களும் வாசிப்பவர்களும் அதைக் குதிரை என்கிறார்கள்.

பிரிட்ஜ் பழைய ஆங்கிலச் சொல். ஆற்றுப் பாலத்தின் பெயரையே அவர்கள் இசைக்கருவிக்கும் வைத்துக்கொண்டார்கள். இத்தாலியிலும் 'பொன்டிசெல்லோ', அதாவது சின்னப் பாலம். ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்கு அது 'ஷெவலே', குட்டிக் குதிரை. செக் மொழியிலும் குதிரைதான். ஆக, பாலம் என்பது உலகப் பொது வழக்கு இல்லை. ஆங்கிலத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றுகிறது.

'பாலம் என்றால் எல்லோருக்கும் புரியும்' என்பார்கள். என்ன புரியும்? தமிழில் பாலம் என்றால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக உதவுவது. கிட்டாரில் யாரும் எதையும் கடக்கவில்லை. அந்த உறுப்பு தந்திகளைத் தூக்கி நிறுத்துகிறது, அவற்றின் இழுவையை முதுகில் சுமக்கிறது, அதிரும் நீளம் எங்கே முடிய வேண்டும் என்று வரையறுக்கிறது, அதிர்வை மரத்துக்குள் இறக்குகிறது. சுமப்பதும் நிற்பதும்தான் அதன் வேலை.

'குதிரை வீணைக்குரிய சொல், உலோகத்தில் செய்த நவீனக் கருவிக்குப் பொருந்தாது' என்று இன்னொரு வாதம். வீணையின் குதிரை மரம்தான், ஆனால் அதன் மேல் தந்தி உட்காரும் தகடு உலோகம். 1950-களின் தொடக்கத்தில் வந்த ஃபெண்டர் டெலிகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டாரில் இரண்டு இரண்டு தந்தியாகத் தாங்கும் மூன்று துண்டுகளும் பித்தளை. அவற்றுக்கு ஆங்கிலத்தில் 'சேடில்' என்று பெயர். சேடில் என்றால் சேணம். குதிரையின் மேல் சேணம் இருப்பது இயல்பு. பாலத்தின் மேல் எதற்குச் சேணம்? 'பாலத்தின் சேணத்தைப் பின்னால் நகர்த்தவும்' என்று எழுதியவர் தான் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் நிறுத்தியிருப்பார்.

சரியான சொல்லை வைத்துக்கொண்டால் விளக்கமும் தானாகத் தெளிகிறது. கிப்சன் நிறுவனம் 1954-இல் லெஸ் பால் கஸ்டம் கிட்டாரில் கொண்டுவந்த ட்யூன்-ஓ-மேட்டிக் குதிரையை எடுத்துக்கொள்வோம். இரண்டு கால், மேலே ஆறு சேணம். பல வருட இழுவையில் அந்தக் குதிரையின் நடுமுதுகு தொய்ந்துபோவது உண்டு. அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால் 1970-களின் நடுவில் வந்த நாஷ்வில் என்ற பிற்காலக் குதிரை வகையை வாங்கிவந்து, அதற்காக மரத்தில் பெரிய ஓட்டை போட்டுவிடாதீர்கள். பழைய கிட்டாரின் மதிப்பு அங்கேயே போய்விடும். பழைய கால்களின் மரை அங்குல அளவு, இப்போது கிடைக்கும் பல குதிரைகள் மில்லிமீட்டர் அளவு. அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

மாற்றிய பிறகு சேணத்தைச் சரிசெய்வது. மெட்டு என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி, ஆங்கிலத்தில் ஃப்ரெட். ஒரு தந்தியில் 12-ஆவது மெட்டுக்கு நேரே விரலை லேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு சுருதி, அதே மெட்டில் அழுத்தி மீட்டினால் ஒரு சுருதி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தினால் தந்தி கொஞ்சம் இழுபடும் என்பதால் அது ஏறிப் பேசலாம். அப்படி ஏறினால் சேணத்தைப் பின்னால் நகர்த்தித் தந்தியை நீட்ட வேண்டும், இறங்கினால் முன்னால் கொண்டுவர வேண்டும். 'இன்டோனேஷன்' என்பது இதுதான். இதைக் 'குரலின் ஏற்ற இறக்கம்' என்று எழுதுகிறார்கள்! அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். 'ஆக்‌ஷன்' என்பதற்குச் 'செயல்' என்று போட்டதும் அதே அவசரம். அது மெட்டுக்கு மேலே தந்தி நிற்கும் உயரம். தந்தி உயரம் என்றாலே போதுமே.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான்: தமிழில் சொல் இல்லை என்று முடிவு கட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். வீணை செய்யும் ஒருவரிடம் போய்க் கேட்டால் மெட்டு, தந்தியை முறுக்கும் பிரடை, குதிரை, தந்தியின் முனையைக் கட்டும் நாகபாசம் என்று சரளமாகச் சொல்வார். குதிரையைத் தாண்டித் தந்தி போய் மாட்டிக்கொள்ளும் 'டெயில்பீஸ்' என்பதை 'வால்துண்டு' என்று எழுதும்போது, நாகபாசம் என்ற சொல் அங்கே சும்மா கிடக்கிறது.

எல்லாவற்றையும் தமிழாக்கியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் என்பது வீணையின் பழைய சொற்களில் இல்லாத பொருள், அதைப் பிக்கப் என்றே விட்டுவிடலாம். 'பிரிட்ஜ் பிக்கப்' மட்டும் 'பாலப் பிக்கப்' ஆக வேண்டாம். குதிரைப் பக்கத்துப் பிக்கப் என்று எழுதுங்கள்.