புத்திசொல்கிற வரம்

மட்டக்களப்பில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கும் போகிறவள். இந்த இரண்டு இடங்களிலும் அடிக்கடி காதில் விழுகிற ஒரு வார்த்தை, பல மாதங்களாக மனதில் கிடந்து உறுத்துகிறது. புத்திசொல்லுதல்.

வேதாகமத்தில், ரோமர் 12ஆம் அதிகாரத்தில் பவுல் தேவன் தருகிற வரங்களைச் சொல்லிக்கொண்டு போகும்போது, "புத்திசொல்லுகிறவன் புத்திசொல்லுகிறதிலும்" தரித்திருக்கக்கடவன் என்கிறார். நம்மூரில் புத்தி சொல்வது என்றால் என்ன? சோதனையில் தவறிய பிள்ளைக்கு மாமா சொல்வது. குடித்துவிட்டு வருகிற தம்பிக்கு அண்ணன் சொல்வது. சொல்கிறவர் நிற்பார், கேட்கிறவர் தலை குனிந்து இருப்பார். வசனத்தை வாசிக்கும்போதும் நமக்கு அந்தக் காட்சிதான் வருகிறது.

ஆனால் பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லின் வேர், ஒருவரைப் பக்கத்தில் அழைப்பது. அதே சொல்தான் 2 கொரிந்தியர் முதலாம் அதிகாரத்தில் "ஆறுதல்" என்று தமிழில் வந்திருக்கிறது. பரிசுத்த ஆவியானவருக்கு யோவான் 14இல் வருகிற "தேற்றரவாளன்" என்ற பெயரும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். புத்தியும் ஆறுதலும் அங்கே ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. நாம் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பர்னபாவைப் பாருங்கள். அந்தப் பெயருக்கு "ஆறுதலின் மகன்" என்று அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரம் பொருள் சொல்கிறது. 11ஆம் அதிகாரத்தில் அவர் அந்தியோகியாவுக்குப் போகிறார். அங்கே தேவனுடைய கிருபையைக் கண்டு, சந்தோஷப்பட்டு, அப்புறம்தான் எல்லாருக்கும் "புத்திசொன்னான்" என்று எழுதியிருக்கிறது. முதலில் கண்டார், பிறகு மகிழ்ந்தார், வாயைத் திறந்தது கடைசியில். பவுல் இன்னும் சவுலாக இருந்த நாளில், எருசலேமில் எல்லாரும் அவருக்குப் பயந்து ஒதுங்கியபோது அவரைக் கூட்டிக்கொண்டு போனதும் இதே மனிதர்தான். ஊழியப் பயணத்தில் பாதி வழியில் விட்டுப்போன மாற்குவுக்கு இரண்டாவது தடவை இடம் கொடுத்ததும் அவர்தான். பின்னாளில் பவுலே அந்த மாற்குவைப் பற்றி, "ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று எழுதினார்.

சரி, இனி நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

கணவன் இறந்து நான்கு மாதம் கழிந்த ஒரு தாயைச் சந்திக்கப் போனேன். வீட்டுக்குள் வெளிச்சம் இல்லை, யன்னல் சாத்தியே கிடந்தது. மேசையில் கணவனின் வேதாகமம், அதற்கு மேலே திறக்காத ஒரு பிஸ்கட் பெட்டி. முதல் அரை மணித்தியாலம் அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகவே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வந்த எல்லாரும் நல்லாத்தான் கதைச்சாங்க மிஸ். அழக் கூடாதாம், அவர் நல்ல இடத்திலயாம். விசுவாசம் உள்ளவங்க இப்பிடி உடைஞ்சு போக மாட்டாங்களாம். அதுக்குப் பிறகு நான் ஆக்களுக்கு முன்னால அழுறல்ல."

அந்தக் கடைசி வார்த்தையை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேலை வெட்டியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்தவர்கள். ஆனால் அவர்கள் போன பிறகு அந்தத் தாயிடம் மிஞ்சியது இரண்டு பாரம்: இழப்பு ஒன்று, "எனக்கு விசுவாசம் இல்லையோ" என்ற குற்ற உணர்வு இன்னொன்று. லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசுவே கண்ணீர் விட்டார். சில நிமிடங்களில் அவனை எழுப்பப் போகிறவர் ஏன் அழ வேண்டும்? அழுகிற அவன் சகோதரி மரியாளை அவர் தடுக்கவில்லை. தானும் அழுதார்.

"ஒரு ஆள்தான் ஒண்டும் கதைக்கல்ல" என்றார் அந்தத் தாய். பக்கத்து ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கிற ஒரு அக்கா. விடிய வியாபாரம் முடிந்ததும் ஐந்து இடியப்பமும் கொஞ்சம் சொதியும் கொண்டு வருவாராம். குசினிக்குள் போய் இரவுக் கோப்பைகளைக் கழுவி வைப்பாராம். திண்ணையில் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்துவிட்டுப் போய்விடுவாராம். "அவக்கு ஜெபிக்கக் கூடத் தெரியா மிஸ், வெக்கப்படுவா" என்றார்.

அந்த அக்காவின் சபையில் வரங்களைப் பற்றி ஒரு கருத்தரங்கு வைத்தால் அவர் கடைசி வாங்கிலில் இருப்பார். தன்னிடம் ஒரு வரமும் இல்லை என்றுதான் சொல்லுவார். எனக்கோ, ரோமர் 12இன் அந்த வார்த்தை நடந்து வந்து கோப்பை கழுவுவதாகவே தோன்றியது.

எலியாவின் கதையையும் கிளினிக்கில் இருக்கிறவளின் கண்ணால் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். கர்மேலில் அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ் கிடந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு அவர் திரும்பவும் படுத்தார். அதற்கும் ஏச்சு இல்லை. இரண்டாம் தரமும் சாப்பாடுதான். "நீ இங்கே என்ன செய்கிறாய்" என்ற கேள்வி, அவர் ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது.

துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. துக்கம் அலைபோல வந்து போகும்; நடுவில் பேரப்பிள்ளையைக் கண்டால் ஒரு சிரிப்பு வரும். இரண்டு கிழமைக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டு, நித்திரையும் பசியும் கெட்டு, பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல், தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தால் அதை வைத்தியரிடம் காட்ட வேண்டும். "ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டார்" என்று ஒரு விசுவாசி திரும்பத் திரும்பச் சொல்வதும் சில நேரம் அந்த நோயின் குரலே. வசனத்தால் வாதாடி அதை வெல்லப் பார்க்காதீர்கள்.

குளிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு கிழமை எடுக்கும். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். ஒரு கூட்டத்தில் ஜெபித்த கையோடு மருந்தை நிறுத்தியவர்கள் தலைச்சுற்றும் நித்திரையின்மையும் பதற்றமுமாகத் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். குணமாக்கும் வரத்தை நான் நம்புகிறேன். அதே பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தார், லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்று அழைத்தார். ஜெபியுங்கள். குளிசையை நிறுத்தச் சொல்கிற வேலையை வைத்தியரிடம் விடுங்கள்.

சாக வேண்டும்போல இருக்கிறதா என்று கேட்கப் பலருக்கும் பயம். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று. கேட்பதால் அது வருவதில்லை. நேராக, அன்பாகக் கேளுங்கள். ஆம் என்றால் ஆளைத் தனியே விடாதீர்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவிலும் எடுக்கலாம்.

2004 மார்கழியில் கடல் வந்த ஊர் இது. 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறு அன்று, சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டுக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர். எங்களிடம் ஆறுதலுக்குப் பசி அதிகம். முதல் கிழமை வீடு கொள்ளாத சனம் வரும். நாலாம் மாதம், முதலாம் ஆண்டு, பிள்ளையின் பிறந்த நாள்: அன்றைக்கு யார் போவது என்பதைச் சபைகள் இப்போதே பேசி வைத்துக்கொண்டால் நல்லது.

அந்தத் தாயை மூன்றாம் தடவை பார்க்கப் போனபோது யன்னல் திறந்திருந்தது. கிளினிக் கொப்பியை எடுத்துக் காட்டினார், திகதி தவறவில்லை. சாப்பாடு எப்படி என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, "அக்காட்ட சொல்லிராதீங்க மிஸ், சொதிக்கு உப்புக் கூடப் போடுறா" என்றார்.