கடைசி வீலைத் திட்டாதீர்கள்

"சார், ஓரத்துல பளபளப்பு வரல, வீலு போச்சு, புதுசு வேணும்." கிச்சன் மேடைக் கற்களின் ஓரத்தைப் பாலிஷ் போடும் மெஷின்களைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு என்பதால், இந்த போன் எனக்கு அடிக்கடி வரும். எந்த வீல் போச்சு என்று கேட்டால், யோசிக்காமல் வரும் பதில்: "கடைசி வீல்." போய்ப் பார்த்தால் கடைசி வீல் பாவம், நன்றாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் நாலாவது இடத்திலோ ஐந்தாவது இடத்திலோ ஒன்று வேலையே செய்யாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

பளபளப்பு என்பது கடைசி வீல் பூசிவிட்டுப் போகிற பூச்சு இல்லை. முதலில் மெட்டல் வீல் கல்லை அரைத்து உருவம் கொடுக்கிறது, அது விட்டுப்போன ஆழமான கீறலை அடுத்த வீல் எடுத்துவிட்டுத் தன் பங்குக்குச் சின்னக் கீறலை விடுகிறது, அதை அதற்கடுத்தது எடுக்கிறது. இப்படியே கிரிட் எண் 100, 200, 400, 800, 1500, 3000 என்று போய் (எண் கூடக் கூடத் துகள் நைசு) கடைசியில் பஃப் என்கிற மெருகு வீல். 200 விட்ட கீறலை 400 எடுக்கவில்லை என்றால் 3000 ஒருநாளும் எடுக்காது. அதிலிருக்கும் வைரத்துகள் சில மைக்ரான்தான். அது அந்தக் கீறலையும் சேர்த்துப் பளபளப்பாக்கிவிட்டுப் போகும், அவ்வளவுதான். முதல் கோணல் முற்றும் கோணல்.

எந்த வீலில் தப்பு என்று கண்டுபிடிக்க ஒரு வேஸ்ட் துண்டு போதும். முதல் வீலை மட்டும் இறக்கி ஒரு சாண் நீளம் ஓட்டுங்கள், அடுத்த சாணுக்கு இரண்டாவதையும் சேர்த்து இறக்குங்கள், இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஒரே துண்டில் எல்லாப் படிகளும் பட்டை பட்டையாக வரிசையில் நிற்கும். அதைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஈரக் கல்லை நம்பவே கூடாது. தண்ணீர் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதால் 400 முடிந்த கல்கூட 3000 மாதிரி மின்னும். கறுப்பு கிரானைட் துண்டாக இருந்தால் இன்னும் நல்லது, அது எதையும் மறைக்காது. வீல் செட் புதிதாக இருக்கும்போதே இப்படி ஒரு துண்டு செய்து சுவரில் மாட்டி வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு போனே வராது, எனக்குத்தான் நஷ்டம்.

சரி, வேலை செய்யாத வீலுக்கு என்ன ஆகியிருக்கும்? பெரும்பாலும் அது தேய்ந்திருக்காது, மழுங்கியிருக்கும். வைர வீல் கத்தி மாதிரி இல்லை. வைரத்துகள்களை ரெசின் என்கிற பசையோ உலோகமோ பிடித்துக்கொண்டிருக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயத் தேயத்தான் மழுங்கிய துகள் உதிர்ந்து உள்ளேயிருந்து புதுத்துகள் தலைகாட்டும். தேய்மானமே இல்லை என்றால் துகள் எல்லாம் தட்டையாகி வீலின் முகம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அழுத்தம் குறைவாக இருந்தாலும் சுற்று வேகம் கூடினாலும் இப்படி ஆகும். கல்லுக்குப் பொருந்தாத வீலைப் போட்டாலும் ஆகும். கடினமான கல்லுக்குச் சீக்கிரம் தேய்கிற மிருதுவான பிடிப்புள்ள வீல்தான் வேண்டும், பலர் இதைத் தலைகீழாக நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். மெஷினை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஈரக் கட்டைவிரலால் வீலின் முகத்தைத் தடவிப் பாருங்கள். ரெசின் வீல் நைசாக இருந்தாலும் லேசாக விரலைப் பிடிக்கும், மழுங்கியது வழுக்கிக்கொண்டு போகும்.

மெஷின் ஓடும்போதே தெரிய வேண்டுமானால் ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். புது வீல் போட்ட அன்று, நல்ல பாலிஷ் வருகிற நேரத்தில், ஒவ்வொரு மோட்டாரும் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று டேப்பில் எழுதி அந்த மீட்டருக்குக் கீழேயே ஒட்டிவிடுங்கள். அழுத்தத்தை மாற்றாமல் இருக்கும்போது எண் இறங்கினால் வீல் கல்லைக் கடிக்கவில்லை என்று அர்த்தம். இந்த இடத்தில்தான் எல்லோரும் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். கூட்டினால் சூடு ஏறும், ரெசின் கருகும், வெள்ளைக் கல்லாக இருந்தால் வீலின் நிறம் ஓரத்தில் அப்பிக்கொள்ளும். அந்தக் கறையை எடுக்கப் பின்னோக்கிப் போய் அரைக்க வேண்டியிருக்கும்.

அதற்குப் பதிலாக, வீலின் மழுங்கிய முகத்தைச் சுரண்டிப் புதுத்துகளை வெளியே கொண்டுவரும் டிரெஸ்ஸிங் கல்லை எடுங்கள். தண்ணீர் திறந்திருக்கட்டும், வேகம் குறைவாக இருக்கட்டும், சில விநாடி தொட்டு எடுத்து விரலால் பார்த்துவிட்டு, தேவையானால் மறுபடியும். வீல் மாவாகக் கரையும்வரை பிடித்துக்கொண்டிருப்பது காசைக் கரைப்பது. புல்நோஸ் (அரைவட்ட ஓரம்), ஓஜி (S வடிவ ஓரம்) மாதிரி வளைவு வீல்களைக் கையால் டிரெஸ் செய்யும்போது இன்னும் கவனம் வேண்டும், ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் வளைவே மாறிவிடும்.

வளைவு வீல்களில் இன்னொரு தொந்தரவு உண்டு. மெட்டல் வீல் மெதுவாகத் தேயும், ரெசின் வீல் வேகமாகத் தேயும், ஆனால் கம்ப்யூட்டர் சொல்கிற பாதையில் ஓடும் சிஎன்சி மெஷினுக்கு நீங்கள் சொல்லாதவரை அது தெரியாது, பழைய விட்டத்தை நம்பி அதே பாதையில் ஓட்டிக்கொண்டேயிருக்கும். வீல் கல்லைத் தொட்டும் தொடாமலும் போகும். மெழுகுப் பென்சிலால் ஓரத்தில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டுவிட்டு அந்த ஒரு வீலை மட்டும் ஓட்டிப் பாருங்கள். கோடு எந்த இடத்தில் அழியாமல் நிற்கிறதோ அங்கே வீல் படவில்லை. முழுக்க நின்றால் மெஷினில் விட்டத்தின் அளவைத் திருத்துங்கள். நடுவில் அழிந்து மேலேயும் கீழேயும் நின்றால் அந்த வீலின் வளைவு மற்றவற்றோடு சேரவில்லை, எந்த எண்ணைத் திருத்தினாலும் சரிவராது. பழைய செட்டில் ஒன்றை மட்டும் புதிதாக வாங்கிச் சொருகினால் பெரும்பாலும் இதுதான் கதி.

இப்போது தண்ணீர். என் அவமானம் ஒன்று இதில் இருக்கிறது. ஒரு பட்டறையில் ஓரமெல்லாம் கீறல் என்று கூப்பிட்டார்கள், நானும் மேதாவி மாதிரி 800, 1500, 3000 மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றி இரண்டு நாள் வீணடித்தேன். கீறல் நிற்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் முகம் கழுவ நாசில் தண்ணீரைக் கையில் பிடித்தேன், உள்ளங்கையில் நறநறவென்று மணல். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்துவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால் அடியில் விரற்கடைக்குச் சேறு. ஓடிய தண்ணீரின் சேறு அடியில் படிவதற்காக வைத்திருக்கும் செட்டிலிங் தொட்டி நிரம்பிப்போய், பம்பு அடிச்சேற்றையே உறிஞ்சி 3000 வீலுக்கு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. 50 கிரிட் வீலிலிருந்து உதிர்ந்த ஒரு துகள் கால் மில்லிமீட்டர் இருக்கும், அது பாலிஷ் வீலுக்கும் கல்லுக்கும் நடுவில் போனால் எந்த வீல் என்ன செய்யும்? கீறலை ஒழுங்காகப் பார்த்திருந்தாலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீல் போடும் கீறல் வில் வில்லாக, ஒரே சீராக வரும். தண்ணீரில் வந்த துகள் போடுவது தாறுமாறாக, இஷ்டத்துக்கு வரும்.

அதனால் வாரம் ஒருமுறை அந்த டம்ளர் சோதனை. கடைசி மூன்று நான்கு வீல்களுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் தனி லைனில் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். நாசில் வீலின் முதுகில் பீச்சிக்கொண்டிருக்கக் கூடாது, கல்லும் வீலும் தொடுகிற இடத்தில் விழ வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். நிமிடத்துக்கு 3000 சுற்றில் 100 மில்லிமீட்டர் வீலின் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய 15.7 மீட்டர் ஓடுகிறது. அதே சுற்றில் 150 மில்லிமீட்டர் வீல் போட்டால் 23.6 மீட்டர். சுற்று மாறவில்லையே என்று நினைப்பீர்கள், கல்லுக்கு வேகம் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. கிரானைட் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். தொழிற்சாலையில் செய்கிற குவார்ட்ஸ் கல்லில் ரெசின் கலந்திருப்பதால் சூடு பட்ட இடம் வெளிறிப்போகும், அது துடைத்தாலும் போகாது. வீலில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்றை எந்தக் கல்லிலும் தாண்டாதீர்கள். அப்புறம், வீல் மாற்றும் ஒவ்வொரு தடவையும் வீலைத் தாங்கும் கோனையும், அது போய் உட்காரும் ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) வாயையும் துணியால் துடையுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் துளிச் சேறு போதும், வீல் ஆடிக்கொண்டு சுற்றி ஓரத்தில் அலை அலையாக வரி போடும்.

தூசி பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பராமரிப்பு நேரத்தில்தான் எல்லோரும் இதை மறக்கிறார்கள். வேலை நடக்கும்போது தண்ணீர் ஓடுகிறது, பரவாயில்லை. "ரெண்டே நிமிஷம்தான்" என்று வீலை உலர்வாக டிரெஸ் செய்வதும், காய்ந்த சேற்றைத் துடைப்பத்தால் கூட்டுவதும், மெஷினுக்குள் ஏர் கன் அடித்துச் சுத்தம் செய்வதும்தான் ஆபத்து. குவார்ட்ஸ் கல்லில் படிக சிலிகா 90 சதவீதத்துக்கு மேல்கூட இருக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே மூச்சோடு உள்ளே போகும் படிக சிலிகாவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. இந்தக் கல்லை அறுத்துப் பாலிஷ் போட்டவர்களுக்கு சிலிகோசிஸ் வந்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து அதைத் தடையே செய்தது. அந்த நோயில் நுரையீரலில் விழுந்த தழும்பு திரும்ப ஆறாது. காய்ந்த சேறு என்பது அதே தூசிதான், நாளைக் காலையில் பறப்பதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

ராத்திரி மெஷினை நிறுத்தும் முன் ஈரம் இருக்கும்போதே தண்ணீர் அடித்துக் கழுவி, சேற்றை ஈரத்தோடே அள்ளிவிடுங்கள். வீல்களைக் கழற்றினால் ஒரே வாளியில் போடாதீர்கள், 50இல் ஒட்டியிருப்பது 3000க்குப் போய்விடும். கிரிட் வரிசைப்படி ஆணியில் தொங்கவிடுங்கள், பஃப்பை மட்டும் தனியாக ஒரு மூடிய டப்பாவில் வையுங்கள்.