சும்மா இருந்த நேரம்

பனங்குருத்துக்கு இவ்வளவு, சாயத்துக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு என்று, ஓலைப்பெட்டி இழைக்கும் அந்த அம்மா விரல் மடித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். முடிந்ததும், "உங்கள் கூலி?" என்று கேட்டேன்.

"கூலியா? வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் இழைக்கிறதுதானே, பிள்ளை."

யாழ்ப்பாணத்தில் சிறு உற்பத்தியாளர்களுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பது என் தொழில். பனையோலையில் பொருள் இழைக்கும் பன்னவேலை செய்பவர்கள், சாறிச் சட்டைக்குக் கொக்கி ஊசியால் பூவேலை போடும் ஆரி வேலை செய்பவர்கள், துணிப்பொம்மை தைப்பவர்கள் என்று பலருடைய வரவு செலவு என் கையால் போயிருக்கிறது. ஓலைக்கும் நூலுக்கும் கொடுத்த காசை ஐந்து ரூபா பிசகாமல் சொல்லும் இவர்கள், தங்கள் நேரத்துக்கு மட்டும் ஒரு சதமும் போடுவதில்லை. கணக்கில் நான் காணும் மிகப் பெரிய ஓட்டை இந்தச் 'சும்மா'தான்.

அந்த அம்மாவின் வீடு வடமராட்சியில் இருக்கிறது. விடிய நாலரைக்கு எழுந்து முற்றம் கூட்டி, சமைத்து, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் பத்து மணிக்கு விறாந்தையில் ஓலையுடன் உட்காருவார். மத்தியானச் சமையலுக்காக எழுந்தால் மறுபடி இரண்டு மணிக்கு உட்காருவார். பிள்ளைகள் படுத்த பிறகும் விளக்கடியில் வேலை நடக்கும். அந்த நாளில் சும்மா இருந்த நேரம் என்று ஒன்றை என்னால் காண முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை சுவர் மணிக்கூட்டைக் கழற்றி அவருக்கு முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டேன். இரண்டு நிறத்தில், மூடியுடன் ஒரு பெட்டி. கலியாண வீட்டிலும் சாமத்திய வீட்டிலும் பலகாரம் வைத்துக் கொடுக்க இப்போது கேட்கிறார்களே, அந்த அளவு.

காய்ந்த குருத்தில் நீர் தெளித்துப் பதமாக்கினார். ஈர்க்கை நீக்கிவிட்டு, ஓலையைக் கத்தி முனையால் ஒரே அகலத்தில் வார்ந்தார். ஒரு வார் சற்று அகலமாகிவிட்டாலும் மூலை சரியாக வராது என்று அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார். வார்ந்து முடிய 40 நிமிடம். சாயம் காய்ச்சி ஓலை அவித்தது முதல் நாள் வேலை. பத்துப் பெட்டிக்கு இரண்டு மணித்தியாலம் என்பதால் ஒரு பெட்டியின் பங்கு 12 நிமிடம். பெட்டி இழைக்க ஒரு மணி 35 நிமிடம். மூடிக்கு ஒரு மணி 10 நிமிடம். மூடி பெட்டியைவிட ஒரு நூலளவு பெரிதாக இருக்க வேண்டும். இறுகினால் திறக்காது, தளர்ந்தால் நிற்காது. முதலில் போட்ட மூடி இறுகிவிட்டது. ஒரு சொல்லும் பேசாமல் அவிழ்த்து மறுபடி போட்டார். விளிம்பு மடித்து, நுனி வெட்டி முடிக்க 25 நிமிடம். கூட்டினால் நான்கு மணியும் இரண்டு நிமிடமும்.

அந்தப் பெட்டியைக் கடை 450 ரூபாவுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. ஓலை 60, சாயம் 35, நார் 15, கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவின் பங்கு 30 என்று 140 ரூபா கழிந்தால் மிச்சம் 310. அதை நான்கால் பிரித்தால் மணிக்கு 77 ரூபா சொச்சம்.

இலங்கைச் சட்டப்படி 2026 ஜனவரி முதல் ஓர் ஊழியருக்குக் கொடுக்க வேண்டிய ஆகக்குறைந்த சம்பளம் மாதத்துக்கு 30,000 ரூபா, நாட்கூலி என்றால் 1,200 ரூபா. எட்டு மணி நேரத்தால் பிரித்தால் மணிக்கு 150. நாற்பது வருடமாக ஓலை இழைத்த கை, நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குச் சட்டம் வைத்த அடிமட்டக் கூலியில் பாதியைத்தான் பெறுகிறது. இன்னொன்றும் உண்டு. ஊழியருக்கு முதலாளி சேமலாப நிதியில் 12 வீதமும் நம்பிக்கை நிதியில் 3 வீதமும் போட வேண்டும். தானே செய்து தானே விற்பவருக்கு அந்த 15 வீதத்தைப் போட ஆளில்லை. கை நடுங்கத் தொடங்கும் வயதில் எடுத்துச் செலவழிக்க ஒன்றும் இருக்காது. ஆகவே அதையும் விலைக்குள்தான் வைக்க வேண்டும்.

நான் அவருக்கு எழுதிக் காட்டியது இது. மணிக்கு 200 ரூபா வீதம் நான்கு மணிக்கு 800. போன மாதம் எங்கள் வீட்டு வேலியடைக்க வந்தவருக்குச் சாப்பாட்டுடன் நாளுக்கு 3,000 கொடுத்தேன். அதோடு பார்த்தால் 200 பெரிய தொகை இல்லை. முதுமைக்கென்று 15 வீதம், 120. பொருளும் போக்குவரத்தும் 140. சேர்த்து 1,060. பத்தில் ஒன்று கறுத்தோ கோணியோ கழிந்துபோகும் என்பதால் இன்னும் 110. பெட்டியின் அடக்கவிலை 1,170 ரூபா. கடைக்காரர் தன் இலாபத்தை இதற்கு மேல்தான் வைக்க வேண்டும்.

"இந்த விலைக்கு ஆர் பிள்ளை வாங்குவார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எல்லோரும் வாங்க மாட்டார்கள். ஆனால் அடக்கவிலையைத் தெரிந்துகொண்டு குறைத்து விற்பதும், தெரியாமலே விற்பதும் ஒன்றாகாது. தெரிந்தவருக்கு வழிகள் திறக்கும். அந்தக் கடைக்கு இரண்டு நிறப் பெட்டியை நிறுத்திவிட்டு, சாயமில்லாத சின்னப் பெட்டியை 350 ரூபாவுக்குக் கொடுக்கத் தொடங்கினார். அதற்கு ஒன்றரை மணி போதும், பொருட்செலவு 75. மணிக்கு 183 ரூபா நிற்கிறது. இரண்டு நிறப் பெட்டியை இப்போது சொல்லிச் செய்விப்பவர்களுக்கு மட்டும் 1,200க்குச் செய்கிறார். முதல் இரண்டு மாதம் ஓர் ஓடரும் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த இரண்டு மாதமும் எனக்கு நித்திரை சரியாக வரவில்லை.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிக் கடைகள் போடுவார்கள். அங்கே ஒரு பன்னவேலைக் கடையில் கணக்கு உதவிக்கு நின்றிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பனையில் சும்மா கிடைக்கிற ஓலைதானே, இவ்வளவு விலையா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சின்ன வயதில் வளவெல்லாம் பனை நின்ற வீட்டில் வளர்ந்தவராக இருக்கலாம். ஆனால் ஒரு பனை மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலைதான் விடும். குருத்தை அளவுக்கு மிஞ்சி வெட்டினால் மரம் நலிந்துவிடும். அதை வெட்ட மரமேறத் தெரிந்தவர் வேண்டும். அவர்களும் குறைந்து வருகிறார்கள். வெட்டிய குருத்தை வெயிலில் விரித்து, பனி விழுமுன் எடுத்துச் சுருட்டி வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் ஓலை காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அதனால் கோடையிலேயே காசு கொடுத்து வாங்கிச் சேர்த்துவைக்கிறார்கள். அந்தக் காசு ஐந்தாறு மாதம் ஓலையாகப் பரணில் முடங்கிக் கிடக்கும். இவ்வளவையும் அவருக்குச் சொன்னேன். பேரம் பேசாமல் இரண்டு பெட்டி வாங்கினார்.

பனையை வைத்துப் பிழைப்பவர்களுக்காக 1978இலேயே பனை அபிவிருத்திச் சபை என்று ஒன்று உருவானது. பயிற்சியும் விற்பனை நிலையமும் வந்தன. இழைக்கக் கற்றுக்கொடுத்ததைப் போல விலை போடவும் நாங்கள் எல்லோரும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நாங்கள் என்று சொல்வதில் கணக்காளர்களும் அடக்கம்.

மாதிரியிலும் இந்தச் 'சும்மா' புகுந்துகொள்கிறது. "சும்மா ஒன்று செய்து காட்டுங்கள், பிடித்தால் ஓடர் தருகிறோம்" என்பார்கள். நான் கணக்கெழுதிக் கொடுக்கும் ஒரு தங்கச்சி ஆரி வேலை செய்கிறார். ஒரு கலியாணத்துக்குச் சட்டைக் கைக்கு மூன்று மாதிரி போட்டுக் காட்டினார். பிறகு மணப்பெண்ணின் அளவில் சட்டை முழுவதும் பதினொரு நாள் வேலை. முற்பணம் வாங்கவில்லை, தெரிந்த குடும்பம், கேட்க வெட்கமாக இருந்தது என்றார். சாறியின் நிறத்தை மாற்றிவிட்டோம் என்று அவர்கள் சட்டையை எடுக்கவே வரவில்லை. ஓர் உடம்புக்கு அளந்து தைத்த சட்டையை வேறு யாருக்கு விற்பது? அது இன்னும் அவர் அலுமாரியில் தொங்குகிறது. இப்போது மாதிரிக்குத் தனி விலை வைத்திருக்கிறார். ஓடர் உறுதியானால் அதை மொத்தத்தில் கழித்துவிடுவார். பாதிப் பணம் கைக்கு வந்த பிறகுதான் துணியைச் சட்டத்தில் மாட்டுகிறார். நிறம், அளவு, கொடுக்கும் திகதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையொப்பம் வைக்கிறார்கள். தெரிந்தவர்களிடம்தான் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். எழுதிவைத்தால் உறவும் கெடாது.

விற்றால் காசு என்று கடையில் வைத்துவிட்டு வருபவர்களுக்கும் இதையே சொல்வேன். நகரத்தில் ஒரு நினைவுப்பொருட் கடையில் ஒருவர் வைத்த நாற்பது துணிப்பொம்மைகளில் பதினான்கு ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தன. கண்ணாடியோரம் வெயில் பட்டு நிறம் மங்கியிருந்தது. எத்தனை கொடுத்தார் என்பதற்குக்கூடக் கையில் ஒரு துண்டு இல்லை. உருப்படிகளின் பட்டியல், கடையின் பங்கு எத்தனை வீதம், எந்த நாளுக்குள் கணக்கு முடிப்பது, பழுதானால் யார் பொறுப்பு, இந்த நான்கையும் எழுதி வாங்காமல் பொருளைக் கைவிட்டு இறக்காதீர்கள். முடிந்தால் சற்றுக் குறைந்த விலைக்கென்றாலும் கைக்காசுக்குக் கொடுத்துவிடுங்கள். வேறொன்று: கடையில் 1,800க்கு விற்கும் பொருளைக் கண்காட்சியில் நீங்களே 1,200க்கு விற்றால் அந்தக் கடைக்காரர் மறுமுறை உங்கள் பொருளைத் தொட மாட்டார். கண்காட்சியில் நாள் முழுக்க நிற்பதும் உங்கள் உழைப்புத்தான். கடை விலைக்கே விற்று, அந்த வித்தியாசத்தை நின்றதற்கான கூலியாக எடுங்கள்.

விலையை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடும் பழக்கமும் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபா. அதே ஆண்டு ஜூன் கடைசியில் 470. டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 வரை போனது. சாயப்பொடி, நூல், மணி எல்லாம் ஏறின. அந்த ஆண்டு முழுவதும் பழைய விலைக்கே விற்ற ஐந்து பேரின் கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. "கூட்டிக் கேட்டால் வராமல் விட்டுவிடுவார்கள்" என்று பயந்தவர்கள். இரண்டு பேர் ஓடர் நிறைய இருந்தும் நகையை அடகு வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தை மாதமும் ஆடி மாதமும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பொருட்செலவை மறுபடி எழுதிப் பாருங்கள்.

பொழுதுபோக்காகச் செய்து விற்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் வேறு சம்பளம் வருகிறது, ஆசைக்குச் செய்கிறேன், நூல் காசு வந்தால் போதும் என்று நினைக்கிறீர்கள். அந்த ஆசை நல்லது. ஆனால் அதே சந்தையில் உங்கள் மேசைக்கு அடுத்த மேசையில், கணவனை இழந்து, இந்த ஊசியால் மட்டுமே அடுப்பு எரிக்கிற ஒருத்தி நிற்கிறார். நீங்கள் 400க்கு விற்றால் அவரை எல்லோரும் "நீங்கள் ஏன் 900 சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். கொடுக்க ஆசையிருந்தால் அன்பளிப்பாகவே கொடுங்கள். விற்பதென்றால் முழு விலைக்கு விற்றுவிடுங்கள்.

வாங்குபவர்களிடம் நீண்ட புத்திமதி சொல்ல எனக்கு விருப்பமில்லை. அடுத்த தடவை விலை கூட என்று தோன்றினால், "இதைச் செய்ய எவ்வளவு நேரம் எடுத்தது?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். பலருக்கு அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

போன மாதம் அந்த அம்மாவின் வீட்டுக்கு மறுபடி போனேன். மணிக்கூடு விறாந்தைச் சுவரில், அவர் இருந்தபடியே பார்க்கும் உயரத்தில் தொங்கியது. கொப்பி பேத்தியின் கையெழுத்தில் இருந்தது: குருத்து, வார்ந்தது, மூடி, நிமிடம், ரூபா என்று கோடு போட்டுப் பிரித்திருந்தாள். நடுவில் ஒரு வரியில் ரூபா என்ற இடத்தில் கோடு மட்டும் இருந்தது. அதற்கு நேரே எழுதியிருந்தது: "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பெட்டி ஒன்று. அன்பளிப்பு. நாலு மணித்தியாலம்."