தன் குரலுக்குத் தானே துணை

அமெரிக்கப் பாடகி பேட்டி பேஜ் 1950-இல் பாடிய 'டென்னசி வால்ட்ஸ்' பாட்டில் சில வரிகளுக்கு இரண்டாவது குரல் ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். அக்காவும் தங்கையும் பாடுகிறார்களோ என்று தோன்றும். இரண்டும் அவர் குரல்தான்.

பாட்டு அவருக்கு முன்பே இருந்தது. 1946-இல் பீ வீ கிங்கும் ரெட் ஸ்டூவர்ட்டும் லாரியில் போகும்போது, ரேடியோவில் கேட்ட 'கென்டகி வால்ட்ஸ்' தந்த உந்துதலில் தீப்பெட்டி அட்டையைப் பிரித்து வரிகளை எழுதினார்கள். பேட்டி பேஜ் பாடியது ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு இசைத்தட்டின் பின்பக்கத்துக்காக. ஜனங்கள் பின்பக்கத்தைத்தான் தேய்த்தார்கள். 1965-இல் அது டென்னசி மாநிலப் பாடலாகவே ஆகிவிட்டது.

சரி, ஒரே ஆள் இரண்டு குரலில் எப்படிப் பாடுவது? 1947 கடைசியில் 'கன்ஃபெஸ்' என்ற பாட்டைப் பதிந்தபோது துணைக்குரலுக்கு ஆள் வைக்கப் பணம் இல்லாமல், இரண்டையும் அவரே பாடியிருந்தார். அப்போது குரலுக்கு ஒரு டிராக், அதாவது ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிந்து வைக்கும் வசதி, கிடையாது. முதல் பதிவை ஓடவிட்டு, அதைக் கேட்டபடியே பாடகர் மறுபடி பாடுவார். பழையதும் புதியதும் ஒன்றாகக் கலந்து வேறொரு பதிவில் விழும். விழுந்த பிறகு பிரிக்க முடியாது. ஒரு குரல் தூக்கலாகிவிட்டால் திரும்பவும் முதலிலிருந்துதான். ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கொஞ்சம் ஏறும், குரலின் கூர்மை கொஞ்சம் மங்கும். மூன்றாவது குரல் சேர்த்தால் முதல் குரல் நகலின் நகலாகிவிடும்.

இத்தனை பாடுபட்டுக் கிடைக்கும் இனிமைக்குக் காரணம் தொண்டையிலும் வாயிலும் இருக்கிறது. சுரம் மாறினாலும் 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகளுக்கு நிறம் தருவது தொண்டை, வாய் இவற்றின் வடிவம்தான். ஒரே தொண்டை என்பதால் இரண்டு குரலின் நிறமும் பொருந்துகிறது. அதே பதிவை இரண்டு முறை ஒன்றாக ஓடவிட்டால் சத்தம்தான் கூடும், இரண்டாவது ஆள் வரமாட்டார். மறுபடி பாடும்போது சுருதி மயிரிழை விலகும். ஒரே சுரத்தில் ஒரு குரல் நொடிக்கு 440 அதிர்வும் இன்னொன்று 442-உம் என்றால், நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். காது அதை உயிருள்ள அசைவாகக் கேட்கிறது.

எனக்கு வியப்பெல்லாம் சொற்கள் முடியும் இடத்தில்தான். இரண்டு குரலும் ஒன்றாக வாயை மூடுகின்றன. தன் பழைய மூச்சைக் காதில் கேட்டு, அது நிற்கும் இடத்தில் தானும் நின்றிருக்கிறார்.